சிவப்பு நூல் மேல்பக்கம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் ஆறுதல் வார்த்தையாகவே வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் ஆறுதல் கேட்டு எழுதவில்லையே.

அம்மாயி போய்ப் பத்து மாதம் ஆகிறது, வருஷ திதிக்கு ஒரு நினைவு மலர் போடப்போகிறோம், பேத்திகளில் எழுதத் தெரிந்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள், நான்கு வரிக்கு மேல் நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நான்கு வரியையும் கூடவே வைத்திருந்தீர்கள். பக்தியே உருவானவர், சேவையே மூச்சானவர், குடும்பத்தின் ஆலமரம், எங்கள் குலவிளக்கு. அதற்குக் கீழே, "இதை வாசித்தால் எங்கள் அம்மாயி தெரியவில்லை, யாரோ தெரிகிறார்கள்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். தாளின் பின்பக்கம் ஏதோ எழுதி, வேண்டாம் என்று கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் வாசித்துவிட்டேன், மன்னியுங்கள். "அம்மாயி முந்தானையில் எப்பவும் அஞ்சாறு ஊக்கு குத்தியிருக்கும்." அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் அப்பாயியை "வந்துச்சு, போச்சு" என்றுதான் பேசுவோம். அது மரியாதைக் குறைவில்லை, மடியில் படுத்து வளர்ந்த உரிமை. "அவர் வந்தார்" என்று எழுதினால் எனக்கே அது வேறு யாரோவாகத் தெரியும். அதனால் பேசுகிறபடியே எழுதுகிறேன்.

ஊர் கொல்லிமலை அடிவாரம். சேந்தமங்கலத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு சிற்றூர். வாசலில் நின்றால் மலை தெரியும். எங்கள் குலதெய்வம் பெரியண்ணசாமியும் அந்த மலைமேல்தான். காரவள்ளியிலிருந்து இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு மேலே போகிற சாலை அப்போது கிடையாது. நடைதான். தலையில் அரிசி மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் சேவல் என்று அடிவாரத்து ஊர்கள் வழியாகச் சனம் மலையேறும்.

விடியற்காலை நாலரைக்கெல்லாம் அப்பாயி எழுந்துவிடும். முதல் வேலை தண்ணீர். ஊருக்குப் பொதுவான நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து அம்மாவும் அத்தையும் எடுத்து வருகிற தண்ணீர் நேராக அடுக்களைக்குப் போகாது. திண்ணையோரம் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் ஒன்று காத்திருக்கும். அதன் வாயில் தாத்தாவின் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் போட்டு, கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நடுவில் உள்ளங்கையால் அமுக்கி ஒரு சின்னக் குழி செய்யும். அந்தக் குழிக்குள் தண்ணீரை மெல்லிசாக ஊற்றும். அவசரப்படுத்தினால் திட்டு விழும்.

துணியின் ஒரு மூலையில் சிவப்பு நூலால் நாலைந்து தையல் போட்டிருக்கும். அந்தத் தையல் மேலே தெரிகிற மாதிரிதான் துணியைக் கட்டவேண்டும். மறந்து திருப்பிக் கட்டிவிட்டால், நிரம்பிய குடத்தை அப்படியே தூக்கி வாழைமரத்தடியில் கவிழ்த்துவிடும். இன்னொரு தரம் கிணற்றுக்குப் போய்வர வேண்டும். வடிகட்டி முடித்த துணியை வெறும் தண்ணீரில் அலசி, கிணற்றுப் பக்கம் ஒரு சொட்டும் போகாமல் கொல்லையில் ஊற்றி, வெயிலில் காயப்போடும். அந்தத் துணியை வேறெதற்கும் யாரும் எடுக்கக்கூடாது. பிள்ளைகள் நாங்கள், சிவப்பு நூல் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தோம்.

குடம் நிறைந்ததும் இன்னொரு காரியம் நடக்கும். வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது, மாடக்குழியில். அதில் முதல் தண்ணீரை மொண்டு, கிழக்கே எழும்புகிற வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடிக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பிறகு அந்தத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. அப்பாயி சூரியனுக்கு நீர் விடுகிறது என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வேன். யாரும் திருத்தியதில்லை. என்ன பார்த்தது என்பது எனக்குப் பதினைந்து பதினாறு வயதில்தான் தெரிந்தது.

அப்பாயிக்கு இடது கால் கொஞ்சம் இழுத்து நடக்கும். கணுக்காலுக்கு மேலே தழும்பு, சுருங்கிய தோல், காசு அகலத்துக்கு ஒரு பள்ளம். ஒரு மழைநாள் ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நரம்புச் சிலந்தி சாமி" என்றது. அதற்குமுன் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முந்தி, பிறந்த ஊரில் இருந்தபோது நடந்தது. கடலை பறிக்கிற காலம். காலில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு கொப்புளம். எரிச்சல் தாங்காமல் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டதாம். கொப்புளம் உடைந்து, உள்ளிருந்து வெள்ளையாக நூல் முனை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. அது புழு. ஒரு மீட்டர் நீளம்வரை இருக்கும். பிடித்து இழுக்கக்கூடாது. முனையை ஒரு ஈர்க்குச்சியில் கோத்து, ஒரு நாளைக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றிக்கொண்டே வரவேண்டும். குச்சியைக் காலோடு வைத்துக் கட்டிவிட்டுப் படுத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில். நடுவில் அறுந்தால் மிச்சம் உள்ளே கிடந்து அழுகிச் சீழ் பிடிக்கும். அப்பாயிக்கு அறுந்துவிட்டது. அவசரப்பட்டு இழுத்தவர் அதன் அண்ணன், பாசத்தில்தான். "அவனும் எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டிருப்பான் பாவம்" என்றது. அறுபது வருஷத்துக்குப் பிறகும் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் போகம் முழுக்கத் திண்ணையில் கிடந்ததாம். அந்த வருஷம் அந்தத் தெருவில் ஏழு வீட்டில் இப்படிக் கிடந்தார்கள் என்றது.

நரம்புச் சிலந்தி வருகிற விதத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தேங்கிய தண்ணீரில் சைக்ளோப்ஸ் என்று கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. புழுவின் குஞ்சுகள் அதன் வயிற்றுக்குள் போய் இருக்கும். அந்தத் தண்ணீரை அப்படியே குடித்தால் பூச்சி செத்துப்போகும், குஞ்சு நம் உடம்புக்குள் தங்கிவிடும். ஒரு வருஷம்போல ஒரு அறிகுறியும் இருக்காது. வளர்ந்த பெண்புழு காலுக்கு இறங்கிக் கொப்புளம் கட்டும். எரிச்சலுக்கு மனிதன் தண்ணீரைத் தேடுவான் என்பது அந்தப் புழுவுக்குத் தெரியும்போல. கால் தண்ணீரில் பட்டதும் குஞ்சுகளை லட்சக்கணக்கில் கக்கும். படிக்கிணறு உள்ள ஊர்களில் இந்த நோய் ஒட்டிக்கொண்டு கிடந்தது அதனால்தான். இறங்கி மொள்ளுகிறவன் காலிலிருந்து குடிக்கிறவன் வயிற்றுக்கு, அங்கிருந்து மறுபடி காலுக்கு. இதற்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீருக்குள் கால் படாமல் பார்ப்பது, குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது. மனிதர்கள் இந்த நோயை விரட்டியது பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

துணியைத் திருப்பிக் கட்டக்கூடாது என்பதற்கும் காரணம் அதுவே. நேற்று மேல்பக்கம் சிக்கியது இன்று கீழ்ப்பக்கமாகிவிட்டால் குடத்துக்குள் இறங்கும். சிவப்பு நூல் அதற்கு அடையாளம். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தது, தூசி நீந்துகிறதா என்று பார்க்க.

ஆனால் அந்தக் கும்பிடு? அதையும் கேட்டேன். அதைப் பூச்சி பார்க்கிற வேலையாகச் சுருக்கிவிட எனக்கு அந்த வயதில் ஆசையாக இருந்தது. அப்பாயி சொன்னது இதுதான்: "தண்ணி சுத்தமா இருந்தா சாமிக்கு ஒரு கும்புடு. இல்லைனா மறுக்கா வடிகட்டிட்டு ஒரு கும்புடு." அப்பாயிக்கு அது இரண்டு வேலை இல்லை. டம்ளரைத் தூக்குகிறபோதே பூசை ஆரம்பித்துவிட்டது. நீங்கள் "பக்தி" என்று ஒரு வரி, "சேவை" என்று ஒரு வரி தனித்தனியாக எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த டம்ளர்தான்.

துணி கட்ட யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து விற்கிறவர்கள் சொன்னார்களாம். "மேல ஒரு வெள்ளக்காரக் கெழவி இருக்குது. தண்ணிக்குள்ள ஒருத்தரையும் கால் வெக்க உடாதாம்" என்று அவர்கள் பேசிக்கொண்டது அப்பாயி காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெயர் தெரியாது, பார்த்ததும் கிடையாது.

அந்தக் கிழவி யாரென்று எனக்குத் தெரிய இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர் என்று இருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவருடைய அம்மாதான் அந்தக் கிழவி. ஈவ்லின் பிராண்ட். "கிரானி பிராண்ட்" என்றே உலகம் சொல்கிறது, பிராண்ட் பாட்டி.

1879-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். சமயப் பணிக்கென்று சென்னை வந்து, 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டைக் கல்யாணம் செய்துகொண்டு கொல்லிமலை ஏறினார். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் கற்றிருந்தார். மலைக்காரர்கள் அவர்களை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் சாமியை விட்டுவிடச் சொல்கிறவர்கள் வந்தால் யார்தான் ஏற்பார்கள்? முதல் உலகப் போர் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் மலையில் பரவியபோது புருஷனும் பெண்சாதியும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துப்போய் ஊட்டியிருக்கிறார்கள். கதவுகள் கொஞ்சம் திறந்தது அதற்குப் பிறகுதான். மகனையும் மகளையும் 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929-ல் கொடிய மலேரியாக் காய்ச்சலில் ஜெஸ்ஸி போய்விட்டார். அவரை மலையிலேயே புதைத்தார்கள்.

கைம்பெண்ணாகத் தனியே அந்த மலையில் அவர் இருப்பதை, சமயப் பணிக்கு அனுப்பிவைத்த சங்கத்தார் விரும்பவில்லை. கீழே வேறு இடங்களில் வேலை கொடுத்தார்கள். 68 வயது வாக்கில் ஓய்வு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். சங்கத்து வேலை முடிந்துவிட்டது, இனி யாரும் என்னைத் தடுக்க முடியாது என்று நேராகக் கொல்லிமலைக்கே திரும்பிவிட்டார். கொல்லிமலை மட்டுமா, பச்சைமலை, கல்வராயன்மலை என்று ஐந்து மலைத்தொடர்களில் வேலை செய்வதென்று கணவரோடு சேர்ந்து போட்ட பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. மட்டக்குதிரை ஒன்றில் ஏறி ஊர் ஊராகப் போனார். மருந்து கொடுத்தார், பிள்ளைகளை எடுத்து வளர்த்தார், நரம்புச் சிலந்தியோடு மல்லுக்கு நின்றார்.

75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறார், காலையில் ஒரு வேலையாள் பார்க்கும்வரை. நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலைப்பாதையில் இறக்கி, ஜீப்பில் ஏற்றி 150 மைலுக்குக் கொண்டுபோனார்கள். மகன் பெரிய அறுவை மருத்துவர், மருமகள் கண் மருத்துவர். இருவரும் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள், இனி எங்களோடு இருந்துவிடுங்கள் என்று. கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி மலைக்குப் போய்விட்டார். 93 வயதில்தான், அதுவும் மனமில்லாமல், குதிரையை விட்டார். அதன்பிறகு மலைக்காரர்களே தூளியில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிப்போனார்கள். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். பெட்டி வேண்டாம், ஒரு பருத்தித் துணியில் சுற்றிப் புதையுங்கள், உடம்பு மண்ணோடு சேரட்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்து, ஜெஸ்ஸியின் பக்கத்தில் வைத்தார்கள்.

மகன் அவரைப் பற்றி எழுதியதில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. கடைசி இருபது வருஷம் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்கிறார். ஓவியம் படித்த பெண், அழகு தெரிந்தவர். வெயிலும் காய்ச்சலும் வரி வரியாகக் கீறிய முகம். அதைத்தான் மகன் அழகு என்று எழுதுகிறார். பெரிய டாக்டர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பாக அது எனக்குப் படவில்லை, பிள்ளை எழுதியதாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடிதான் காரணம்.

எங்கள் வீட்டு மாடக்குழியில் இருந்த கண்ணாடி டம்ளரை அப்போது நினைத்துக்கொண்டேன். வெவ்வேறு சாமியைக் கும்பிட்ட இரண்டு கிழவிகள், ஒரே மலையின் மேலேயும் கீழேயும். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மேலே இருந்தவர் சொன்னது பலாப்பழக் கூடையோடு இறங்கி வந்து எங்கள் குடத்தின் வாயில் துணியாக உட்கார்ந்தது. பிராண்ட் பாட்டி அந்த மலைக்கு என்ன கொண்டுவந்தார், என்ன விட்டுப்போனார் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதாடட்டும். எனக்கு அவரிடம் ஒரு கடன் இருக்கிறது. என் அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் அத்தைக்கும் யாருக்கும் காலில் அந்தத் தழும்பு இல்லை.

அப்பாயிக்கு வீட்டுத் தண்ணீரோடு நிறைவு வரவில்லை. ஆடி பதினெட்டுக்கு மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சனம் திரண்டு போகும். வல்வில் ஓரிக்கு விழாவும் அப்போதுதான். எங்கள் வீட்டுமுன் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, ஏழெட்டு மண்பானை வைத்து, மூன்று நாளும் அப்பாயி தண்ணீர்ப் பந்தல் நடத்தும். ஒவ்வொரு பானை வாயிலும் துணி, ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூல். அதற்காக ஆனி மாதமே பழைய வேட்டி சேர்க்க ஆரம்பித்துவிடும். இழுத்து நடக்கிற காலோடு பானைக்குப் பானை போய்க்கொண்டே இருக்கும். அந்த மூன்று நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான்.

இதில் மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நான் பார்த்த காலத்தில் பந்தலில் வந்தவர் எல்லாருக்கும் செம்பில்தான் தண்ணீர். அதற்கு முந்தி அப்படி இல்லை என்று சித்தப்பா சொன்னார். சேரியிலிருந்து வருகிறவர்களுக்குச் செம்பைத் தூக்கிப் பிடித்துக் குவித்த கையில் ஊற்றுவார்கள். ஊர் வழக்கம் அது, அப்பாயியும் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு ஆடிக்கு, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு கையையும் குவிக்க முடியவில்லை. பிள்ளையை எங்கே வைப்பாள்? அப்பாயி ஊற்றப்போன செம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் செம்பையே நீட்டிவிட்டது. அவள் வாங்கத் தயங்கியிருக்கிறாள். "குடி தாயி" என்று இரண்டு தரம் சொன்னதாம். மறுநாளிலிருந்து பந்தலில் எல்லாருக்கும் செம்பு. தாத்தாவின் அண்ணன் வீட்டார் நாலு மாதம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அப்பாயி போய் அழைக்கவும் இல்லை. எனக்கு இதில் பெருமையும் உண்டு, கூசுவதும் உண்டு. அத்தனை ஆடிகள் அதற்குமுன் போயிருக்கின்றனவே.

நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்குவீர்கள். எழுதுங்கள். அம்மாயிக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எங்கள் அப்பாயி என் அம்மாவிடம் கடுமையாக இருந்தது. காய்ச்சலோடும் விடியலில் எழுப்பும். துணி திருப்பிக் கட்டியதற்காக மூன்று நடை தண்ணீர் எடுக்கவைத்து, அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் தாகம் தணித்த கை வீட்டுக்குள் எப்போதும் மென்மையாக இல்லை. அதைத் துடைத்துவிட்டு எழுதினால் அம்மா வாசிக்கும்போது, இது யாரைப் பற்றி என்று கேட்பாள்.

பிறகு ஊருக்கு அடிகுழாய் வந்தது. நல்லதண்ணிக் கிணற்றை மூடினார்கள். தொட்டி கட்டிக் குழாய்த் தண்ணீர் வந்தது. அப்பாயி துணியை விடவில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் ஒருநாள், பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் பூச்சி ஏது என்று பாடம் நடத்தி, குடத்துத் துணியை அவிழ்த்தெறிந்தேன். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்து அலசிக் காயப்போட்டுவிட்டு, குடத்தைப் புளி போட்டு மறுபடி தேய்க்க உட்கார்ந்தது. தேய்த்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

1996-ல் இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி ராஜஸ்தானில் பதிவானார். 2000 பிப்ரவரியில் இந்த நோய் இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1986-ல் உலகம் முழுக்க 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-ல் 14 பேருக்கு வந்திருக்கிறது. 2000-ல் அந்தச் சான்றுச் செய்தியைச் சென்னையில் பத்திரிகையில் படித்தேன். அப்பாயி அப்போது உயிரோடு இருந்தது, எண்பது வயதிருக்கும். ஊருக்குப் போகும்போது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சித்திரையில் போனேன், ஏதேதோ பேசினோம், மறந்துவிட்டேன். அதற்கப்புறம் நாலைந்து தரம் போயிருப்பேன். 2003-ல் அப்பாயி இறந்துவிட்டது. சொல்லவே இல்லை. உன் காலில் இருந்தது இனி இந்த நாட்டில் யார் காலிலும் இல்லை அப்பாயி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

கடைசியாகப் பேசியதும் தண்ணீரைப் பற்றித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோனபோது, கையைத் தள்ளி மேலே காட்டியது. புரியாமல் விழித்தேன். அம்மா என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒண்ணுமில்லைங்க அத்தை, சுத்தமா இருக்குது" என்றாள். அதன்பின் குடித்தது.

இன்றும் ஆடி பதினெட்டுக்குப் பந்தல் உண்டு. கேன் தண்ணீர்தான், தம்பி லாரியில் இறக்குகிறான். பானையில் ஊற்றும்போது அம்மா துணி கட்டுகிறாள். கம்பெனித் தண்ணிக்கு எதற்கம்மா என்று அவன் கேட்டால், "கட்டிட்டுப் போறேன், உனக்கென்ன" என்கிறாள். போன வருஷம் துணி மாற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கண் சரியில்லை, ஊசியில் நூல் கோக்க என் மகளைக் கூப்பிட்டாள். என்ன கலர் பாட்டி என்று அவள் கேட்டது எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

இனி உங்கள் தாளின் பின்பக்கம். அஞ்சாறு ஊக்கு. புடவைக்கு ஒன்றோ இரண்டோ போதும். மிச்சம் யாருக்கு? பஸ்ஸில் செருப்பு வார் அறுந்து நிற்கிறவர்களுக்கா, ஜாக்கெட் கொக்கி தெறித்துக் கூசி நிற்கிற பெண்பிள்ளைகளுக்கா, கோயிலில் காது தோட்டுத் திருகாணியைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தைக்கா? அம்மாயியின் தங்கை துறையூரில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் கேளுங்கள். போனில் வேண்டாம், ஒரு எட்டு நேரில் போய்வாருங்கள். அம்மாயியின் புடவை ஒன்றை யாராவது எடுத்து வைத்திருந்தால் முந்தானையை விரித்துப் பாருங்கள், ஊக்குக் குத்திக் குத்தித் துணி சல்லடையாகியிருக்கும். எந்த இடத்தில், வலது கைக்கு எட்டுகிற பக்கமா, மூலையிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மலர் அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அந்த ஊக்குகள் யாருக்கு என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.

அன்புடன்.